வெள்ளை மை தின்ற புள்ளிகள்

தமிழழகன் அந்தச் சனிக்கிழமை செய்த காரியத்தை நல்ல எண்ணத்தோடுதான் செய்தான். எண்ணத்தில் யாரும் குறை சொல்ல முடியாது. காரியத்தில்தான் அத்தனை குறையும்.

அரியலூரில் ஸ்டேஷனுக்குப் போகிற சாலையில் அவர்கள் கடை. ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின். கம்ப்யூட்டர் பானுப்ரியாவுடையது, மெஷின் தமிழழகனுடையது. அவள் தட்டச்சு செய்து தாளாக எடுத்துக் கொடுப்பாள். அவன் நகல் எடுத்து, மடித்து, பின் அடித்துப் புத்தகமாக்குவான். புருஷன் பெண்சாதிக்குள் இந்த எல்லையை யாரும் தாண்டுவதில்லை. அந்தக் கடையில் சிரிப்புக்கும் குறைவில்லை, சண்டைக்கும் குறைவில்லை.

மூன்று மாதங்களுக்கு முன்னால் ஒரு விவகாரம் நடந்திருந்தது. ஜெயங்கொண்டத்திலிருந்து வீரமுத்து என்கிற பெரியவர் தன் அண்ணன் மகள் கல்யாணத்துக்கு அழைப்பிதழ் நகல் எடுக்கக் கொடுத்தார். மெஷினின் கண்ணாடியில் ஒரு துளி அழுக்கு. அது சரியாக ‘ண’வின் தலையில் போய் உட்கார்ந்துகொண்டது. ‘மண விழா’ என்பது ‘மண் விழா’ ஆகி, ஊரெல்லாம் போய்விட்டது.

“ஏன் தம்பி, எங்க பொண்ணுக்குக் கல்யாணம் பண்றோமா, இல்ல மண்ணள்ளிப் போடறோமா?” என்று வீரமுத்து கடை வாசலில் நின்று சத்தம் போட்டதைப் பார்க்க, எதிர் வரிசைக் கடைக்காரர்கள் வியாபாரத்தை விட்டுவிட்டு வந்தார்கள். அன்றிலிருந்து புள்ளி என்றாலே தமிழழகனுக்கு ஆகாது. ஒரு பாட்டில் வெள்ளை மை வாங்கி மெஷின் மேலேயே வைத்துக்கொண்டான். எந்தத் தாளில் வேண்டாத புள்ளியைக் கண்டாலும் அதன் மேல் ஒரு தொடு.

இப்போது வந்திருந்தது வெள்ளைச்சாமி சாரின் புத்தகம். வேப்பந்தட்டைப் பக்கம் வேதியியல் வாத்தியார். ஜூன் மாதத் துணைத்தேர்வு எழுதுகிற பிள்ளைகளுக்காகப் பெரம்பலூரில் ஒரு இலவசப் பயிற்சி முகாம் நடத்தினார். நூற்று எண்பது பிள்ளைகள். அவர்களுக்குக் கொடுக்கத் தன் நோட்டில் முப்பத்திரண்டு பக்கத்தில் ‘லூயிஸ் புள்ளி அமைப்புகள்’ என்று ஒரு சிறு புத்தகம் எழுதியிருந்தார். பெரம்பலூரில் இரண்டு கடைக்காரர்கள் படத்தைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்கள். பானு மட்டும்தான் “செஞ்சு தரோம் சார்” என்றாள். தமிழழகன் அப்போது தாள் வாங்க வெளியே போயிருந்தான். கூடவே அவள் ஒன்று கேட்டாள்.

“கடைசிப் பக்கத்துல கீழ, சின்ன எழுத்துல, ஒளியச்சு பானுப்ரியான்னு போட்டுக்கலாமா சார்?”

ஒன்பது வருடமாக அவள் தட்டச்சு செய்யாத பெயர் இல்லை. மணமக்கள் பெயர், மனுதாரர் பெயர், பூப்புனித நீராட்டு விழா, நினைவஞ்சலி, பஞ்சாயத்துத் தீர்மானம். அவள் பெயர் மட்டும் எந்தத் தாளிலும் வந்ததில்லை.

சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுச் சொன்னார்: “போட்டுக்கம்மா. ஆனா ஒண்ணு. இதுல புள்ளிதான் பாடம். ஒரு புள்ளி தப்பினாலும் உன் பேர எடுத்துடுவேன். புத்தகத்தையும் வேற கடைக்கு மாத்திடுவேன். எங்கிட்ட தயவு தாட்சண்யம் கிடையாது.”

எழுத்துகளைக் கம்ப்யூட்டரில் அடித்துத் தாளெடுத்த பானு, புள்ளிகளையும் கூட்டல் கழித்தல் குறிகளையும் மட்டும் கையால் வைத்தாள். அந்தப் பழைய பிரிண்டரில் சின்னப் புள்ளி ஒன்று விழும், ஒன்று விழாது. நம்ப முடியாது. இரண்டு நாள் கடைக்கு வராமல் வீட்டிலேயே உட்கார்ந்து, குனிந்த தலை நிமிராமல் ஜெல் பேனாவால் புள்ளி வைத்தாள். முடிந்ததும் சார் தன் நோட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனார். சனிக்கிழமை அவளுடைய அண்ணன் பிள்ளைக்குக் காதுகுத்து. “நாளைக்கு நகல் எடுத்து வெச்சிடுங்க, திங்கக்கெழம ஒம்போது மணிக்கு சார் வருவாரு” என்று சொல்லிவிட்டு வெள்ளிக்கிழமை சாயங்காலமே தா.பழூர் பஸ் ஏறினாள்.

மறுநாள் தமிழழகன் தாள்களை எடுத்துப் பார்த்தான். முதல் பத்துப் பக்கம் பாடம், சுத்தமாக இருந்தது. அடுத்துப் படங்கள் வருகிற பன்னிரண்டு பக்கம். ஒவ்வொரு ஆங்கில எழுத்தையும் சுற்றி ஈ மொய்த்த மாதிரி புள்ளி. அவனுக்கு ‘மண் விழா’ ஞாபகம் வந்தது. மூன்று மணி நேரம் உட்கார்ந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, ஒரு புள்ளி விடாமல் வெள்ளை மை வைத்தான். காய வைத்தான். நூற்று எண்பது நகல் எடுத்தான். பின் அடித்து அடுக்கி வைத்தபோது அவனுக்கே பெருமையாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்குக் காதுகுத்துப் பலகாரப் பையோடு பானு வந்தாள்.

“எப்புடி இருக்கு பாரு” என்று ஒரு பிரதியை நீட்டினான். “ஒரு அழுக்கு இருக்கா சொல்லு.”

அவள் புரட்டினாள். மறுபடி புரட்டினாள். இன்னொரு பிரதியை எடுத்தாள். பிறகு மெதுவாக ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

“ஏங்க, புள்ளியெல்லாம் எங்க?”

“எடுத்துட்டேன். வெள்ளை வெச்சு, ஒண்ணொண்ணா.”

“ஒண்ணொண்ணாவா?”

“மூணு மணி நேரம் ஆச்சு பானு. நீ என்ன அந்த பிரிண்டர தொடைக்கவே மாட்டியா?”

“அந்தப் புத்தகத்தோட பேரு என்னங்க?”

அவன் அட்டையைப் பார்த்தான். தன் கையாலேயே நூற்று எண்பது முறை மடித்த அட்டை. ‘லூயிஸ் புள்ளி அமைப்புகள்’ என்றிருந்தது. அதை அவன் அதுவரை படித்திருக்கவில்லை. மெஷின்காரன் எதையும் படிக்கக்கூடாது, படித்தால் வேலை ஓடாது என்பது அவன் கொள்கை.

சண்டை வரும் என்று எதிர்பார்த்தான். அவள் அழுவாள் என்று நினைக்கவில்லை. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு தோள் குலுங்க உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் போய் நின்ற பிறகுதான் தெரிந்தது, அழுகையும் சிரிப்பும் பாதிப் பாதி என்று.

“அதெல்லாம் அழுக்குன்னு நெனச்சீங்களா?”

“ஆமா.”

“அது எலக்ட்ரான்ங்க.”

“அது எனக்கு எப்புடித் தெரியும்? நான் ஐடிஐ ஃபிட்டர்.”

சாருக்கு போன் செய்து நோட்டை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லலாம் என்றான் தமிழழகன். அவள் தலையாட்டி மறுத்தாள். “ஏன்னு கேப்பாரு. என்ன சொல்றது? எம் பேரு அப்பவே போயிடும்.” கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு பிரதியை எடுத்து முதல் பக்கத்தைத் திறந்தாள். “எப்புடிப் புள்ளி வெக்கணும்னு முதப் பத்துப் பக்கத்துல சாரே எழுதியிருக்காரு. துணைத்தேர்வு எழுதற புள்ளைங்க இதப் படிச்சுட்டு வெக்கணும்னுதானே எழுதியிருக்காரு? நாம படிச்சுட்டு வெப்போம்.”

“நாமளா?”

“வெள்ளை வெச்சவரு வெளிய போகலாம்னு பாக்காதீங்க. உக்காருங்க.”

பன்னிரண்டு பக்கத்தையும் புள்ளியில்லாமல் புதிதாக பிரிண்ட் எடுத்தாள். வெள்ளை மை வைத்த பழைய தாள்கள் மெஷின் மேல் குவியலாகக் கிடந்தன. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு இருவரும் தரையில் உட்கார்ந்தார்கள்.

தனி அணுக்கள் சுலபமாகத்தான் இருந்தன. எந்தத் தனிமத்துக்கு வெளிக்கூட்டில் எத்தனை எலக்ட்ரான் என்று மூன்றாம் பக்கத்தில் அட்டவணை இருந்தது. ஹைட்ரஜனுக்கு ஒன்று, கார்பனுக்கு நாலு, நைட்ரஜனுக்கு ஐந்து, ஆக்சிஜனுக்கு ஆறு. எழுத்தின் நாலு பக்கமும் முதலில் ஒவ்வொன்று வைக்க வேண்டும். நாலுக்கு மேல் இருந்தால்தான் ஜோடி சேர்க்கலாம்.

“பெரம்பலூர் பஸ்ஸுல சீட்டு புடிக்கிற மாதிரி” என்றாள் பானு. “எடமிருந்தா எவனாவது இன்னொருத்தன் பக்கத்துல உக்காருறானா? எல்லா ஜன்னலும் போன பொறவுதான் ஒட்டி உக்காருவான்.”

அயனிகளில் தமிழழகன் மடங்கினான். சோடியத்துக்கு இருந்ததே ஒரு புள்ளி. அதையும் குளோரினிடம் கொடுத்துவிட்டு வெறுமனே நிற்கிறது. அதன் தலையில் கூட்டல் குறி. வாங்கிக்கொண்ட குளோரினுக்கு எட்டுப் புள்ளி, சுற்றிச் சதுர அடைப்பு, மேலே கழித்தல் குறி.

“இது எந்த ஊரு நியாயம்? எழந்தவனுக்கு பிளஸ்ஸாம், வாங்குனவனுக்கு மைனஸாம். சார் மாத்தி எழுதிட்டாரு.”

“எலக்ட்ரானே மைனஸ்தாங்க. மைனஸ் போனா பிளஸ்ஸு. உங்க பீடி போனா எனக்கு பிளஸ்ஸா இல்லியா?”

“நான்தான் உட்டுட்டேனே.”

“அதான் பிளஸ்ஸா இருக்கீங்க.” சிரித்துக்கொண்டே சோடியத்துக்கு அடைப்பு போடாமல் நகர்ந்தாள். “நம்ம எழுத்தும் இப்புடித்தானே? தலையில புள்ளி இருக்கிற வரைக்கும் ‘க்’கன்னா தனியா மொறச்சுக்கிட்டு நிக்குது. புள்ளிய எறக்கி வெச்சாத்தான் ஓர் உயிரு வந்து ஒட்டுது.”

தமிழழகன் மறுபேச்சில்லாமல் பொட்டாசியத்துக்குக் கூட்டல் குறி போட்டான்.

மதியம் எதிர்க்கடைக் கலியம்மாள் தக்காளி சாதம் கொண்டுவந்து ஷட்டருக்குக் கீழே தள்ளினாள். குனிந்து எட்டிப் பார்த்து, “என்னடி இது, புருஷனும் பொண்டாட்டியும் ஞாயித்துக்கெழமையும் அதுவுமா கோலம் போடறீங்க?” என்று கேட்டாள்.

“புள்ளி வெக்கிறதோட சரிக்கா. கோடெல்லாம் சார் போட்டுட்டாரு” என்றாள் பானு.

மூலக்கூறுகளுக்கு வந்தபோது மணி இரண்டு. இங்கே கொடுக்கல் வாங்கல் இல்லை, பங்கு. இரண்டு அணுக்களுக்கு நடுவில் வைக்கிற ஜோடிப் புள்ளி இரண்டு பேருக்கும் சொந்தம். ஹைட்ரஜனுக்கு இரண்டு போதும், மற்றவர்க்குப் பொதுவாக எட்டு வந்துவிட வேண்டும். தண்ணீர், அம்மோனியா, மீத்தேன் என்று வரிசையாக முடித்தார்கள். ஆளுக்கு எட்டு, ஆளுக்கு எட்டு என்று தமிழழகன் தாளம் போடாத குறையாக வைத்துக்கொண்டே போனான். மெஷின் ஓட்டுகிற கைக்கு ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வதில் தனி சுகம் உண்டு.

கடைசிப் படம் நைட்ரிக் ஆக்சைடு. ஒரு நைட்ரஜன், ஒரு ஆக்சிஜன். ஐந்தும் ஆறும் பதினொன்று.

“பதினொண்ண எப்புடி ஜோடி ஜோடியா வெக்கிறது?” என்றாள் பானு. “ஒண்ணு தனியா நிக்குதே.”

“பன்னெண்டா வெச்சுடு.”

“இல்லாத புள்ளிய எங்கேருந்து கொண்டாறது?”

“அப்ப பத்தா வெச்சுடு.”

“இருக்கிற புள்ளிய எங்க கொண்டு போறது? வெள்ளை வெக்கவா?”

ரோஷம் வந்து, தானே கணக்குப் போட்டுப் பார்க்கிறேன் என்று எழுந்தான் தமிழழகன். வெற்றுத் தாள் தேடி, மெஷின் மேல் கிடந்த பழைய தாள் ஒன்றை எடுத்துப் பின்பக்கம் திருப்பினான். திருப்பியவன் அப்படியே நின்றான்.

தாளின் பின்பக்கத்தில், ஜெல் பேனா மை ஊறி, ஒவ்வொரு புள்ளியும் கடுகு மாதிரி தெளிவாகத் தெரிந்தது. முன்பக்கம் அவன் வைத்த வெள்ளை முன்பக்கத்தோடு சரி. நைட்ரிக் ஆக்சைடு மட்டுமல்ல, அத்தனை படமும் இடம் வலம் மாறிய கோலத்தில் அப்படியே இருந்தன.

தாளை அவள் முன்னால் வைத்தான். அவள் பார்த்தாள். அடுத்த தாளைத் திருப்பினாள். அதற்கடுத்ததையும்.

“காலைல எட்டு மணிக்கே இதத் திருப்பியிருந்தா…”

“ஆமா.”

“ஒம்போது மணிக்கு முடிச்சுட்டு சினிமாவுக்குப் போயிருக்கலாம்.”

அவள் சுவரில் சாய்ந்து, தக்காளி சாதப் பாத்திரத்தை எட்டி உதைத்துவிடுகிற அளவுக்குச் சிரித்தாள். அவனும் சிரித்தான். எதிர்க்கடையிலிருந்து, “நல்லாத்தான் போடறீங்கடி கோலம்” என்று கலியம்மாளின் குரல் வந்தது.

நைட்ரிக் ஆக்சைடில் பானு முதலில் வைத்திருந்ததும் பதினொன்றுதான். நைட்ரஜனின் பக்கத்தில் ஒரு புள்ளி துணையில்லாமல் நின்றது. சிலது அப்படித்தான் போலிருக்கிறது என்று அதை அப்படியே வைத்தாள்.

“வெச்சதையெல்லாம் ஒத்துப் பாத்துடுவோம்” என்றான் தமிழழகன். ஒவ்வொரு படமாக அவன் பழைய தாளைப் படிக்க, அவள் புதிய தாளில் விரல் வைத்துப் பார்த்தாள். அறுபத்து நாலு படத்தில் அறுபத்திரண்டு ஒத்துப்போயின. இரண்டு ஒத்துப்போகவில்லை.

முதலாவது கார்பன் டை ஆக்சைடு. புதிய தாளில் தமிழழகன் கார்பனுக்கு இருபுறமும் ஒவ்வொரு ஜோடி வைத்து, ஆளுக்கு எட்டு வருகிற வரை நிரப்பியிருந்தான். பழைய தாளில் இருபுறமும் இரண்டிரண்டு ஜோடி. பானு ஏழாம் பக்கத்தை மறுபடி படித்தாள். ‘முதலில் எல்லா அணுக்களின் எலக்ட்ரான்களையும் கூட்டிக்கொள்க. அந்த மொத்தத்தைத் தாண்டக்கூடாது, குறையவும் கூடாது.’

“நாலும் ஆறும் ஆறும் பதினாறு. நீங்க வெச்சது இருவது. நாலு புள்ளி எச்சா வெச்சிருக்கீங்க.”

“எல்லாரும் வயிறு நெறயட்டும்னு வெச்சேன்.”

“இருக்கிறதுக்குள்ளதான் பங்கு போடணும்.”

இரண்டாவது பாஸ்பரஸ் ட்ரைகுளோரைடு. புதிய தாளில் பாஸ்பரஸின் தலைமேல் ஒரு ஜோடி இருந்தது. பழைய தாளில் அது இல்லை.

“இதையும் எச்சாத்தான் வெச்சுட்டேன்” என்று தமிழழகன் வெள்ளை மை பாட்டிலை எடுத்தான்.

அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். “இருங்க, கூட்டுவோம். பாஸ்பரஸுக்கு அஞ்சு. குளோரின் மூணு, ஏழேழா இருவத்தொண்ணு. ஆக இருவத்தாறு. நம்மளது எத்தன?” எண்ணினான். இருபத்தாறு. “பழசு?” எண்ணினான். இருபத்து நாலு.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒன்று, பானு இரண்டு நாள் குனிந்து வைத்ததில் தவறவிட்டிருக்க வேண்டும். இல்லை, சார் தவறவிட்டிருக்க வேண்டும். நோட்டு வேப்பந்தட்டையில் இருந்தது.

“உன்னோட தப்புன்னு சார் சொன்னா?” என்றான் அவன்.

“சொன்னா பேரு போவும். நூத்தி எம்பது புள்ளைங்க தப்பா படிச்சுட்டுப் போய்ப் பரீட்ச எழுதறத விட அது போவட்டும்.” சொல்லிவிட்டு அந்த ஜோடியை இன்னும் கொஞ்சம் அழுத்தி வைத்தாள்.

வெளிச்சம் இருக்கும்போதே பன்னிரண்டு பக்கத்தையும் நகல் எடுத்து, பழைய பின்னைப் பிரித்து, மாற்றிச் செருகி முடித்தார்கள்.

திங்கட்கிழமை ஒன்பது மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போதே வெள்ளைச்சாமி சார் வந்துவிட்டார். நின்றபடியே ஒரு பிரதியைப் பக்கம் பக்கமாகப் பார்த்தார். விரல் பாஸ்பரஸில் நின்றது.

“ஏம்மா, இந்த ரெண்டு புள்ளி ஏது? நான் வெக்கலியே.”

தமிழழகன் மெஷினைத் துடைக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டான். பானு எழுந்து நின்றாள்.

“நாங்க வெச்சது சார். கூட்டிப் பாத்தோம். இருவத்தாறு வருது.”

“நீங்க கூட்டிப் பாத்தீங்களா?” சாரின் குரல் ஏறியது. “இருவத்திரெண்டு வருஷமா பாடம் நடத்தறேன். எனக்கு எலக்ட்ரான் எண்ணிச் சொல்ல ஜெராக்ஸ் கடையா?”

“ஏழாம் பக்கம் சார். நீங்கதான் கூட்டச் சொல்லியிருக்கீங்க.”

சார் பையிலிருந்து தன் நோட்டை வெடுக்கென்று எடுத்தார். திறந்தார். அதிலும் இருபத்து நாலுதான். உதடு அசைய எண்ணினார். விரலை மடக்கி எண்ணினார்.

“அட ஆமா” என்றார் கடைசியில், ரொம்பச் சின்னக் குரலில். பிறகு நிமிர்ந்து, “சரி, நோட்டப் பாத்துத்தானே மொதல்ல புள்ளி வெச்சீங்க, எதுக்கு மறுபடி உக்காந்து கூட்டுனீங்க?” என்று கேட்டார்.

பானு பேச வாயெடுக்கும் முன் தமிழழகன் திரும்பினான். “நான்தான் சார். அழுக்குன்னு நெனச்சு எல்லாப் புள்ளியையும் வெள்ளை வெச்சு அழிச்சுட்டேன். அவ மேல தப்பு இல்ல. பேர எடுக்கறதுன்னா…”

சார் அவனை உற்றுப் பார்த்தார். “எல்லாத்தையுமா?”

“அறுபத்து நாலு படத்தையும் சார்.”

“அப்ப இதெல்லாம் நீங்க ரெண்டு பேருமா உக்காந்து, படிச்சு, வெச்சதா?” மறுபடி புரட்டினார். அயனிகளைப் பார்த்தார், நைட்ரிக் ஆக்சைடைப் பார்த்தார். அவர் உடம்பு குலுங்குவதைப் பார்த்து முதலில் இருவரும் பயந்துபோனார்கள். சார் சிரித்துக்கொண்டிருந்தார். “எம் புத்தகம் வேல செய்யுதுய்யா! ஃபிட்டருக்கே வேல செய்யுது!”

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். “ஏம்மா, இந்தப் பக்கத்த மட்டும் மாத்து. தம்பி பேரும் வரணும். பத்தே நிமிஷம், நான் டீ குடிச்சுட்டு வரேன்.”

பானு கம்ப்யூட்டரில் உட்கார்ந்தாள். ‘ஒளியச்சு’ என்று அடித்து, அடுத்த வரியில் ‘தமிழழகன், பானுப்ரியா’ என்று அடித்தாள்.

“ஏங்க, உங்க பேர்ல எத்தன புள்ளி?”

அவன் எட்டிப் பார்த்து எண்ணினான். “ஒண்ணு. கடைசி எழுத்துல.”

“எம் பேர்ல?”

“அதுலயும் ஒண்ணுதான். நடுவுல.”

அவள் காற்புள்ளியை அழித்தாள். இரண்டு பெயருக்கும் நடுவில், ஒன்றன்மேல் ஒன்றாக, இரண்டு புள்ளி வைத்தாள்.

டீ குடித்துவிட்டு வந்த சார் தாளை வாங்கிப் பார்த்தார். “இதென்ன, ரெண்டு பேருக்கும் நடுவுல முக்காப்புள்ளி? கமா இல்ல வரணும்?”

“முக்காப்புள்ளி இல்ல சார்” என்றாள் பானு. “பதினாறாம் பக்கத்துல ஹைட்ரஜன் மூலக்கூறு போட்டிருக்கீங்களே, அது.”

சார் தாளைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். கிட்டே வைத்துப் பார்த்தார். பிறகு அதைத் தமிழழகனிடம் கொடுத்தார்.

“எடு தம்பி, நூத்தி எம்பது. இதுல மட்டும் வெள்ளைய வெச்சுடாத.”